ஒழுகும் நீரும் ஒழுக்கமும்



தருமபுரி மாவட்டம், அரூர் வட்டத்தில் வறண்ட நிலப்பரப்பின் நடுவே ஓங்கி நிற்பது தீர்த்தமலை. இம்மலைமீது அருள்மிகு வடிவாம்பிகை உடனுறை தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளி அருள்பாலிக்கின்றார். அருணகிரிநாதர் தம் திருப்புகழில் வைத்துப் பாடிய பெருமையும் இத்தலத்துக்கு உண்டு. படியேறி வந்த அன்பர்கள் களைப்பாறி நின்று அண்ணாந்து நோக்கினால், பாறையின் உயரத்திலிருந்து இராமர் தீர்த்தம் ஒழுகி வீழ்வதைக் காணலாம். மழைக்காலத்தில் அது சற்றே பெருகும், கோடையில் மெலியும். ஆயினும் இவ்வொழுக்கு அறவே நின்றுபோவதில்லை என்பது வழிவழியாகப் பெரியோர் கூறிவரும் செய்தி.

இந்த நீரின் அருகில் நின்று, இக்காலத்தார் வாயில் அடிக்கடி வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமுடையதாகும். எதிக்ஸ் என்பது அச்சொல். ஆங்கிலச் சொல்லுக்கும் தீர்த்தமலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு உண்டு என்பது போகப்போக விளங்கும்.

பிறரை அளக்கும் கோல்

தேவையற்ற சோதனைகளை எழுதிக் கொடுக்கும் மருத்துவரைப் பார்த்து, 'எதிக்ஸ் இல்லாதவர்' என்பர். ஒரு குடும்பத்தின் துயரத்தைப் படமெடுத்துப் பரப்பும் செய்தியாளரையும் அவ்வாறே கூறுவர். மருத்துவர்கள் தொழிலில் பின்பற்ற வேண்டிய நடத்தை, பண்பு, எதிக்ஸ் ஆகியவற்றுக்கென்றே இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டில் விதிமுறைகளை வகுத்தது. இந்தியக் குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் எதிக்ஸ் ஒரு தனித் தாளாகவே சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு 250 மதிப்பெண்கள். அரூரிலும் தருமபுரியிலும் உள்ள இளைஞர்கள்கூட அத்தாளுக்கென இரவு பகலாகப் படித்துத் தேர்வெழுதுகின்றனர்.

இவையெல்லாம் நல்லனவே. ஆனால் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். 'அவருக்கு எதிக்ஸ் இல்லை' என்றே இச்சொல் பெரிதும் வழங்குகின்றது. 'இன்று என்னிடத்தில் எதிக்ஸ் தவறியது' என்று கூறி வருந்துபவரைக் காண்பது அரிது. பிறரை அளப்பதற்கு மட்டும் வெளியே எடுக்கப்பெற்று, பின்பு மூலையில் சார்த்தப்படும் அளவுகோல் போன்று அச்சொல் ஆகிவிட்டது.

அவ்வாறாயின் தமிழ்ச் சொற்களின் நிலை என்ன? அவையும் தேய்ந்துதான் போயுள்ளன. தருமம் என்பது எத்துணைப் பெரிய சொல்! உலகத்தைத் தாங்கி நிற்பது எது, அதுவே தருமம். இன்று வீதியிலே 'தர்மம் போடுங்கள்' என்றால் ஒரு நாணயத்தைக் குறிக்கின்றது. கட்டணமில்லாத மருத்துவமனை தர்ம ஆஸ்பத்திரி எனப்பட்டது. கட்டணமின்றி இறைவனைக் காணும் வரிசை தர்ம தரிசனம். கூட்டத்தார் ஒன்றுகூடி ஒருவனை நையப் புடைத்தால் அதற்கும் தர்ம அடி என்றே பெயர்! தருமம் என்றால் விலையில்லாதது என்பதாக வழக்கு சுருங்கிவிட்டது. இரண்டு கடமைகள் எதிரெதிரே நிற்க, எதைச் செய்வது என்று உள்ளம் தவிக்கும் நிலைக்கே தர்மசங்கடம் என்று பெயர். இன்றோ, வேண்டாத விருந்தினர் வந்தாலும் தர்மசங்கடம். புகைப்படத்தில் கண்மூடி நின்றாலும் தர்மசங்கடம்.

ஒழுக்கம் என்னும் சொல்லும் அவ்வாறே. பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவனுடைய ஒழுக்கத்தைக் குறிக்க ஒரு வரி உண்டு; அதில் பெரும்பாலும் 'நன்று' என்றே எழுதப்பெறும். அதற்கு வெளியே அச்சொல் ஆண் பெண் நடத்தையை மட்டும் குறிப்பதாக, அதிலும் பெண்ணையே பெரிதும் சுட்டுவதாகக் குறுகிவிட்டது. எடை குறைத்து விற்பவனையும், கணக்கைத் திருத்தி எழுதுபவனையும் 'ஒழுக்கங் கெட்டவன்' என்று இன்று எவரும் கூறுவதில்லை. சொல் சுருங்கும்போது, அச்சொல் காவல் செய்த இடமும் காவலின்றிக் கிடக்கின்றது. இஃது எண்ணத்தக்கது.

சொல்லின் வேர்

எதிக்ஸ் என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. எதோஸ் என்றால் பழக்கம். அதையே சற்று நீட்டி ஒலித்தால் குணம், இயல்பு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் என்னும் பேரறிஞர், குணம் என்பது பழக்கத்தின் சிறு திரிபே என்று இவ்விரண்டு சொற்களையும் இணைத்துக் காட்டினார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான்; யாழை மீட்டி மீட்டியே யாழ்வல்லோன் ஆகிறான்; அதுபோல நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளன் ஆகிறான் என்பது அவர் தந்த விளக்கம். பின்னர், கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியின் சிசரோ, இக்கிரேக்கச் சொல்லுக்கு நிகராகத் தம் இலத்தீன் மொழியில் ஒரு சொல் படைத்தார். அதுவும் வழக்கம் என்னும் பொருளுடைய அடிச்சொல்லிலிருந்தே பிறந்தது. இன்று ஆங்கிலத்தில் வழங்கும் மாரல் என்பது அச்சொல்லின் வழிவந்ததே.

ஆகவே எதிக்ஸ் என்பது ஏட்டில் எழுதிய விதிகளின் தொகுப்பு அன்று. பழகிப் பழகி ஒருவனுடைய இயல்பாகவே ஆகிவிட்ட நடத்தை என்பதே அதன் வேர்ப்பொருள்.

தமிழில் அறம் என்பது அறு என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். தீயதை அறுத்து விலக்குவது அறம். ஒழுக்கம் என்பதோ ஒழுகு என்னும் அடியிலிருந்து பிறந்தது. ஒழுகுதல் என்றால் நீர் முதலியன இடையறாது வழிதல். ஒழுகுதல் என்றால் நடந்துகொள்ளுதல். நீருக்கும் நடத்தைக்கும் தமிழர் ஒரே வினையைத் தந்தனர். அதனால்தான் இம்மலைத் தீர்த்தத்தின் அருகே நின்று இச்சொல்லைச் சிந்திப்பது பொருந்தும் என்று தொடக்கத்தில் கூறப்பட்டது.

இராமர் தீர்த்தம் பேரருவி அன்று. ஆரவாரம் இல்லை, நுரை இல்லை, மெல்லியதாக வீழ்வதே அதன் இயல்பு. பகலில் நூறுபேர் தலைகாட்டி நிற்கும்போதும் அது வீழ்கின்றது. நடை சாத்தியபின், எவரும் இல்லாத நள்ளிரவிலும் அது வீழ்கின்றது. காண்பார் உளர் என்று மிகுவதும் இல்லை. காண்பார் இலர் என்று குறைவதும் இல்லை. இதுவே ஒழுக்கம். திருவிழா நாளில் ஆயிரவர்க்கு அன்னமிட்டு, மறுநாள் வேலைக்காரனுடைய கூலியைப் பிடித்துக்கொள்வது காட்டாறு போன்ற நடத்தை. அது ஒழுக்கம் ஆகாது.

திருவள்ளுவர் தம் நூலில் நடுவுநிலைமையைப் 12ஆம் அதிகாரமாகவும், அடக்கமுடைமையைப் 13ஆம் அதிகாரமாகவும், ஒழுக்கமுடைமையை 14ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒருபால் சாயாத உள்ளமும், தன்னைத் தானே அடக்கும் ஆற்றலும் வந்தபின்னரே ஒழுக்கம் நிலைபெறும் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும். உயிரைக் காட்டிலும் ஒழுக்கத்தைப் பெரிதாகப் பேணுக என்பதே அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து.

சட்டம் நின்றுவிடும் இடம்

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். ஒரு பொருளைத் தன்னது தன்னது என்று இருவர் வாதிடுவது வழக்கு. நெறி தவறியவரை ஒறுப்பது தண்டம். இவ்விரண்டும் இன்றைய நீதிமன்றத்துக்கு உரியவை. எஞ்சிய ஒழுக்கத்துக்கோ வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பரிமேலழகர் தம் காலத்து வருண நெறியை ஒட்டி அதற்கு விளக்கம் தந்தார். மூலநூலாகிய குறளோ அனைவர்க்கும் பொதுவாக நிற்கின்றது. எதிக்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நிற்பது இவ்வொழுக்கமே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. பெறுதற்கரிய நெல்லிக்கனி ஒன்று அவன் கைக்குக் கிட்டியது. உண்டாரை நெடுங்காலம் வாழவைக்கும் கனி என்பது நம்பிக்கை. அதை அவன் தான் உண்ணாது, அதன் பயனையும் கூறாது, ஔவையாருக்கு அளித்தான். இச்செய்தியைச் சிறுவரும் அறிவர். அக்கனியை அவனே உண்டிருந்தால் குற்றங்கூற யாரால் இயலும்? கனி அவனுடையது, நாடும் அவனுடையது. வழக்கும் எழாது, தண்டமும் இல்லை. சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. சட்டம் முடிவுற்ற அந்த இடத்தில்தான் அதியமானுடைய பெருமை தொடங்குகின்றது.

இம்மலைக்கு அண்மையில், அனுமந்த தீர்த்தத்தைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையாறு கிழக்கே திருக்கோவலூரை நோக்கிச் செல்கின்றது. அத்திருக்கோவலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பை என்னும் ஊரில், 1981ஆம் ஆண்டில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. துறவியர் தங்குவதற்குப் பாளி அமைத்துக் கொடுத்த செய்தியை அது கூறுகின்றது. கொடுத்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் பெயருக்கு முன்னே சத்தியபுத்திரன் என்னும் பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. வாய்மையின் மகன் என்று பொருள் கொள்ளத்தக்க பட்டம் அது. பேரரசர் அசோகர் தம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறித்துள்ளார். அக்குறிப்பு யாரைச் சுட்டியது என்று நெடுங்காலம் ஆராய்ந்த அறிஞர்களுக்கு ஜம்பைக் கல்வெட்டு விடையளித்தது.

அசோகரைப் பற்றிய இன்னொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆப்கானிஸ்தான் நாட்டுக் காந்தகாரில் அவருடைய கல்வெட்டு ஒன்று 1958ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. அது கிரேக்கம், அரமேயம் என்னும் இரண்டு மொழிகளில் அமைந்தது. தருமம் என்பதைக் கிரேக்கத்தில் எவ்வாறு பெயர்ப்பது? எழுதியவர் எதோஸ் என்னும் சொல்லைக் கையாளவில்லை. யூசெபியா, அதாவது பயபக்தி என்னும் பொருளுடைய சொல்லைக் கையாண்டார். அரமேயத்திலோ உண்மை என்னும் பொருளுடைய சொல் வைக்கப்பட்டது. பக்தியும் உண்மையும் சேர்ந்தால்தான் தருமம் என்பதுபோல் அக்கல் அமைந்துள்ளது. உண்மை இல்லாத பக்தியும் குறையுடையது என்பதைக் கோயிலுக்கு வருவோர் மறத்தலாகாது.

பொருளிலே தூய்மை

கோயிற் பொருளைக் காப்பவரை ஆங்கிலத்தில் டிரஸ்டி என்பர். நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்பது அதன் கருத்து. தமிழில் அவருக்கு அறங்காவலர் என்று பெயர். பொருட்காவலர் என்று கூறாமல் அறங்காவலர் என்று கூறியது கருத்துடையது. பொருள் குறையாமல் இருந்து அறம் குறைந்தாலும் காவல் தவறியதாகவே ஆகும். பழைய கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடிகள் தம் தலைமேல் என்று கொடையாளர் வணங்கிக் கூறியிருப்பதைக் காணலாம். கொடுத்தவர் காப்பவரை வணங்குகின்றார். கொடுப்பது ஒரு நாள் செயல். காப்பது நாள்தோறும் ஒழுகும் செயல் அல்லவா?

முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அகவை 35க்கு மேல், 70க்குள் இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். இவற்றோடு இரண்டு தூய்மைகள் அங்கே கேட்கப்படுகின்றன. ஒன்று அர்த்த சௌசம், அதாவது பொருள் ஈட்டுவதில் தூய்மை. மற்றொன்று ஆத்ம சௌசம், அதாவது உள்ளத்தின் தூய்மை. 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எதிக்ஸ் தாளில் தேர்வு வைத்தனர் நம் முன்னோர். அத்தேர்வுக்கு உரிய விடை ஏட்டில் எழுதுவதன்று. ஊரார் கண்முன்னே வாழ்ந்து காட்டுவது.

உடல் தூய்மைக்கு இம்மலையில் இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் எனப் பல தீர்த்தங்கள் உள்ளன. பொருளின் தூய்மைக்குத் தீர்த்தம் எங்கே உள்ளது? அவரவர் கடையிலும், அவரவர் மேசையிலும், அவரவர் களத்திலும் தான் உள்ளது.

தருமபுரி மாவட்டம் புளிக்குப் பெயர் பெற்றது. புளி வாணிகம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆண்டுதோறும் தீர்த்தமலைக்கு வருகின்றார். ஈர உடையோடு இராமர் தீர்த்தத்தில் தலைகாட்டி நிற்கின்றார். கண்ணீர் மல்க வணங்குகின்றார். அவருடைய பக்தி பொய்யன்று. ஆனால் மண்டிக்குத் திரும்பியதும், எடை கூடும் பொருட்டுப் புளி மூட்டையின்மேல் ஒரு செம்பு நீரைத் தெளிக்கின்றார். மலையில் அவர் தலைமேல் விழுந்ததும் நீர். மண்டியில் மூட்டைமேல் விழுந்ததும் நீர். முதல் நீர் கழுவியதை இரண்டாம் நீர் மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிட்டதே! 'எல்லாரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் பிழைக்க முடியாது' என்று அவர் கூறலாம். அவர் கூற்றில் வருத்தமும் உண்டு; ஓரளவு உண்மையும் உண்டு. எல்லாரும் நனைத்து விற்கும் சந்தையில் உலர்ந்த புளியை விற்பவருக்கு அன்றைக்கு இழப்புதான். அதனால்தான் ஒழுக்கம் உயிரைக் காட்டிலும் பெரிதாகப் பேணத்தக்கது என்று கூற வேண்டியதாயிற்று. இழப்பே இல்லாத ஒன்றைப் பேணுக என்று வற்புறுத்த வேண்டுவதில்லை அல்லவா? பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் வைத்ததும் இதை எண்ணியே.

புளி வணிகரை மட்டும் குறைகூறி அமைவது முறையன்று. அவ்வாறு செய்தால், பிறரை அளக்கும் கோலாகவே இச்சொல்லை மீண்டும் கையாண்டவர் ஆவோம். தர்ம தரிசன வரிசையில் முதியவர் ஒருவரை முந்திச் செல்பவர் உண்டு. அடிவாரக் கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தபோது, 'சுவாமி கொடுத்தது' என்று மடியில் முடிந்துகொள்பவரும் உண்டு. சுவாமி கொடுத்தது அந்தப் பணம் அன்று, அந்தத் தேர்வைத்தான்.

வென்றவனும் வணங்கிய மலை

இத்தலத்தின் வரலாறு இவ்வுண்மையை இன்னும் ஆழமாக உணர்த்துகின்றது. இராவணனை வென்று மீண்ட இராமபிரான், போரினால் நேர்ந்த குற்றம் நீங்க இம்மலையில் சிவபூசை செய்தார் என்பது தல வரலாறு. நீரும் மலரும் கொணரச் சென்ற அனுமன் வரத் தாழ்ந்தமையால், இராமபிரான் அம்பெய்து இத்தீர்த்தத்தை உண்டாக்கினார். பின்னர் வந்த அனுமன் தாம் கொணர்ந்த நீரை வருத்தத்தால் வீச, அது விழுந்த இடமே ஆற்றங்கரையில் அனுமந்த தீர்த்தம் ஆயிற்று.

இராமபிரான் செய்தது அறப்போர். உலகமே அவரைப் போற்றியது. குற்றம் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. ஆயினும் அவர், 'என் செயல் முழுவதும் தூய்மையானதா?' என்று தம்மைத் தாமே வினவிக்கொண்டார். தோற்றவர் தம்மை ஆராய்வது இயல்பு. வென்றவர் தம்மை ஆராய்வது அரிது. அந்த அரிய வினாவிலிருந்து பிறந்ததே இத்தீர்த்தம். பிறரை நோக்கி நீட்டாமல் தன்னை நோக்கித் திருப்பும்போதுதான், எதிக்ஸ் என்றாலும், அறம் என்றாலும், ஒழுக்கம் என்றாலும் அச்சொல் உயிர்பெறுகின்றது.

ஆதலின், தீர்த்தமாடிய அன்பர்கள் கீழிறங்கும்போது ஒன்றை மனத்தில் கொள்வது நன்று. பெரிய நோன்பு எதுவும் வேண்டுவதில்லை. நாளை ஒரு நாள், ஓர் எடையை நேராக நிறுத்துவது. ஒரு கணக்கை உள்ளது உள்ளபடி எழுதுவது. கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்க வேண்டிய கூலியை அன்றைக்கே கொடுப்பது. இது ஒரு சொட்டு. மறுநாளும் அதையே செய்தால் அடுத்த சொட்டு. சொட்டு நில்லாது தொடர்ந்தால் அதுவே ஒழுக்கு; அவ்வொழுக்கே ஒழுக்கம். காலப்போக்கில் அது பாறையிலும் தடம் பதிக்கும்.

அறத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மாவட்டத்தில், தீர்த்தத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மலையில் எழுந்தருளியுள்ள தீர்த்தகிரீசுவரர், அன்பர்கள் அனைவருக்கும் பொருளில் தூய்மையும் உள்ளத்தில் தூய்மையும் வற்றாது ஒழுகும் வண்ணம் அருள்புரிவாராக!

திருச்சிற்றம்பலம்.